எழுதியவருக்கே தடையா?

கேள்வி: ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கில் வேரியபிள்களை ஏன் பிரைவேட் ஆக்கச் சொல்கிறார்கள்? எழுதியவருக்கே தடையா?

பதில்: அவருக்குத்தான் முதலில் வேண்டும்! நடுராத்திரி அவசரமாகத் திருத்துகிறவர் அவர்தானே?

வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். இருப்பு பப்ளிக்காக இருந்தால் எந்த ஃபைலிலிருந்தும் அதை மைனஸ் 500 ஆக்கிவிடலாம். யார் கைவரிசை என்று புரோகிராம் முழுக்கத் தேட வேண்டும். பிரைவேட் ஆக்கி, பணம் எடுக்க ஒரு மெத்தட் வைத்தால், 'இருப்பு போதுமா?' என்ற சோதனை ஒரே இடத்தில் இருக்கும்.

1967-இல் நார்வேயில் டாலும் நிகார்டும் கிளாஸைக் கொண்டுவந்த சிமுலா மொழியிலேயே பிரைவேட் என்ற இந்தப் பூட்டு முதலில் இல்லை, பின்னால்தான் சேர்ந்தது.

ஆனால் எல்லா வேரியபிளுக்கும் மதிப்பைப் படிக்க கெட்டர், மாற்ற செட்டர் என்று மெத்தட் போடுவது, பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதுதான். இருப்புக்கு செட்டரே வேண்டாம். பணம் போட ஒரு மெத்தட், எடுக்க ஒன்று போதும்.