திரும்புகதை இயல்: சமயபுரச் சான்றுகளுடன்

1. வரையறை: பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ போன படைப்பு, எழுதியவனே விலாசம் எழுதித் தபால்தலையும் ஒட்டிக் கொடுத்த உறையில் ஏறி அவன் வீட்டுக்கே வந்து சேர்வது திரும்புகதை எனப்படும். தன் தலையில் விழும் மண்ணுக்குத் தானே வண்டிச்சத்தம் கொடுப்பது இதன் சிறப்பிலக்கணம்.

2. அறியும் முறை: உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. கார்டு வந்தால் பிரசுரம். கனமாக வந்தால் கதை. எங்கள் சமயபுரம் தபால்காரர் எடையிலேயே முடிவறிந்து, உறையைத் திண்ணையில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு நழுவிவிடுவார்.

3. துண்டுச்சீட்டு: 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற தொடரில் இயலாமை யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பத்திரிகையாசிரியருடையது என்பது எழுத்தாளர் கட்சி. எழுத்தாளருடையது என்பது அவர் மனைவி கட்சி.

4. முன்னோர்: கம்பர் ஸ்ரீரங்கத்தில் ராமாயணத்தை அரங்கேற்ற வந்தபோது, இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லையே என்று தடை சொன்னார்களாம். அங்குள்ள நரசிம்மர், மேட்டழகிய சிங்கர், தலையசைத்த பிறகே ஒப்புக்கொண்டார்கள் என்பது செவிவழிக் கதை. இந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய இடத்துச் சிபாரிசு கிடைப்பதில்லை.

5. பரிகாரம்: சமயபுரம் மாரியம்மன் கோயில் வாசலில் கண்மலர் வாங்கி, ஆசிரியர் கண் திறக்க வேண்டுமென்று அம்மனுக்குச் செலுத்தலாம். விரதம் உதவாது. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பக்தர்களுக்காக அம்மனே இருக்கும் பச்சைப் பட்டினி 28 நாள். அப்போதும் துள்ளுமாவு, பானகம், இளநீர் உண்டு. எழுத்தாளன் காத்திருப்புக்குக் கணக்கும் இல்லை, பானகமும் இல்லை.

6. முடிபு: தலவரலாற்றின்படி மாரியம்மன் திருமேனி முதலில் இருந்தது ஸ்ரீரங்கத்தில். உக்கிரம் தாங்காமல் அங்கிருந்து அப்புறப்படுத்த, கொள்ளிடம் கடந்து கண்ணனூருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கண்ணனூர்தான் இன்றைய சமயபுரம். இப்போது தைப்பூசந்தோறும் அம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, அண்ணன் ஸ்ரீரங்கம் ரங்கநாதரிடமிருந்து பட்டும் மாலையுமாகச் சீர்வரிசை வருகிறது. வேண்டாமென்று அனுப்பிய ஊரே சீர் கொண்டுவந்து நிற்கும் என்பது இதனால் பெறப்படும்.

இந்த முடிபைச் சோதிக்க ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஆற்றங்கரைக்குப் போய்வருகிறேன். சென்னைப் பத்திரிகைகளிடமிருந்து தாம்பாளம் எதுவும் இன்னும் வரவில்லை. கொள்ளிடத்தில் மணல் இருக்கிறது. உட்கார்ந்து காத்திருக்க இடத்துக்குப் பஞ்சமில்லை.