ஒப்பும் பெருவிரலும்

1990களின் தொடக்கத்தில், களியக்காவிளைக்குக் கிழக்கே ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையில் அறிவொளி வகுப்பு எடுத்தேன். தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. அரிக்கேன் விளக்கும் சிலேட்டும் பாடப்புத்தகமும் கிடைத்தன. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயதுவரை என்று வரம்பு வைத்திருந்தது. எங்கள் திண்ணைக்கு ஐம்பதைத் தாண்டியவர்களும் வந்தார்கள். வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

பெரும்பாலும் அண்டியாபீஸ் பெண்கள், அதாவது முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர்கள். பகலெல்லாம் அண்டி தல்லிய கைகள். தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, மழுமழுவென்று ஆகிவிடும். அந்த விரல்களால் சிலேட்டுக் குச்சியைப் பிடிக்கவே சிரமப்படுவார்கள். பக்கத்து வீட்டு மாமி மூன்று வாரம் போராடித் தன் பெயரை எழுதினாள். சம்பள நாளில் மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு ஒப்பு போட்டாளாம். இரவு வந்து, "மக்களே, இனி எனக்க பெருவிரலு ஆருக்கும் வேண்டாம்" என்றாள். அதுவரை எந்தப் பரிசும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

களியக்காவிளை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் இதே வேலைதான் நடந்தது. 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதைக் கோழிக்கோட்டில் அறிவித்தவர், புதிதாக எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. எங்கள் ஊரில் ஒரு சிக்கல் கூடுதல். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகிய பெண்கள், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போக நின்றால், வரும் பஸ்ஸில் மலையாள போர்டு இருக்கும். அதற்காக நான்கைந்து ஊர்ப்பெயர்களை மலையாளத்திலும் எழுதிக் காட்டினேன். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 92 விழுக்காடு. தமிழ்நாட்டுக்கு 80. மாநிலத்தில் முதலிடம் எங்களுக்கு.

மாமிக்கு இப்போது எண்பது வயது. சென்ற மாதம் ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். கைரேகைக் கருவியில் பெருவிரலை வைத்தாள். விழவில்லை. துடைத்து வைத்தாள், அடுத்த விரலை வைத்தாள். எதுவும் விழவில்லை. ரேகையை அண்டி எண்ணெய் எப்போதோ தின்றுவிட்டது. ஓடிபி வரும் என்றார்கள். பதிவு செய்த எண் பேரனுடையது, அவன் துபாயில் இருக்கிறான். "ஒப்பு போடட்டா?" என்று கேட்டாள். கருவியில் அதற்கு இடமில்லை. வெறும் பையோடு திரும்பினோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலி அட்டைகளை ஒழிக்க அது உதவும். ஆனால் எழுதப் படித்த ஒருத்தியின் கையெழுத்தை ஏற்க மறுக்கிற முறை தவறு, அதைத் திருத்தத்தான் வேண்டும். ரேகை விழாதவர்களுக்கு ஒரு பதிவேடும் பேனாவும் ஒவ்வொரு கடையிலும் இருக்கட்டும். 2022 முதல் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தொண்டர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அகரத்தோடு போனில் வரும் குறுஞ்செய்தியையும் படிக்கப் பழக்குங்கள். சந்தையில் ஒரு பாட்டி போனை நீட்டி "இதென்ன மக்களே" என்று கேட்டால் நீங்களே வாசித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள்.