சஞ்சீவி மலையும் எண்பது நிமிடமும்

வெட்டிக் குறைப்பதை எதிர்த்த முதல் கலகக்காரர் அனுமன். மூலிகை பறித்து வரச் சொல்லி அனுப்பினால், எது மூலிகை என்று பிடிபடாமல் மலையையே பெயர்த்துத் தூக்கி வந்தவர். அவர் பேரைச் சுமந்துகொண்டு உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது அனுமந்தன்பட்டி. அங்கேயும் சுற்றுப்பட்டிகளிலும் கல்யாண வீடியோ விஷயத்தில் ஜனங்கள் அவர் வழிதான். பொறுக்கி எடுக்கிற வேலையெல்லாம் நமக்கெதற்கு? மலையோடு கொண்டா.

விஹெச்எஸ் கேசட் காலத்தில் இதில் சிக்கல் வரவில்லை. மூன்று மணி நேர நாடா. சாம்பார் வாளி பந்தியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும்வரை கேமராவும் கூடவே போகலாம். பிறகுதான் வந்தது அந்த 12 சென்டிமீட்டர் வட்டு.

1993-ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி என்ற நான்கு பேரரசுகள் கூடி வெள்ளைப் புத்தகம் என்றொரு சாசனம் எழுதின. வீடியோ சிடியில் படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட். நம்மூர் முறைப்படி 352-க்கு 288 புள்ளிகள். மொத்தம் 74 நிமிடம், தாராளமான வட்டு என்றால் 80. அந்த 74 நிமிடக் கணக்கு சிடி பிறந்தபோதே வந்தது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுதாக அடங்க வேண்டும் என்று சோனியின் நோரியோ ஓகா அடம்பிடித்ததாக ஒரு கதை உண்டு. உடனிருந்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் அதை நம்பச் சொல்லவில்லை. கதை பொய்யோ மெய்யோ, ஓகா நம் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கு வந்து மொய் முடிகிறவரை உட்கார்ந்திருந்தால் வட்டு அண்டா மூடி அகலத்துக்கு வந்திருக்கும்.

வட்டில் எழுதுவதற்கு நீரோ வந்தார். மென்பொருளின் பெயரே அவர் பெயர்தான். அடையாளப் படம், பற்றியெரியும் கொலோசியம். சரித்திரப்படி நீரோ கி.பி. 68-லேயே செத்துப்போனார், கொலோசியத்துக்குக் கடைக்கால் போட்டதே அதற்கப்புறம். கட்டாத கட்டடத்தைக் கொளுத்திய ஒரே ராஜா என்ற பெருமை அவருக்கு கம்ப்யூட்டர் கடைகளில் கிடைத்தது.

எழுதுவதற்கு முன்னால் வெட்ட வேண்டுமே. மூன்று மணி நேரத்தை எண்பது நிமிடமாக்க யார் தலையை எடுப்பது? தாய்மாமன் சீர்வரிசையில் கை வைத்தால் ஸ்டூடியோக்காரர் அந்தத் தெருவில் நடக்க முடியாது. மொய்க் காட்சியை எடுத்தால், செய்த மொய்க்குச் சாட்சி எங்கே என்பார்கள். கடைசியில் வெட்டுப்பட்டது பெரும்பாலும் ஒன்றுவிட்ட உறவு. அதுவும் சுத்தமாக வெட்டுப்படாது. வட்டுக்குள் வீடியோவைச் சுருக்கி அடைக்கும் எம்பெக் முறையில் முழுப் படம் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறைதான் பதிவாகிறது; இடைப்பட்டவற்றில் இருப்பது முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து வேறுபடுகிற சங்கதி மட்டும். அவசரத்தில் நேரடியாக நறுக்கினால் முழுப் படம் இருக்கிற இடத்தில்தான் கத்தி இறங்கும். அத்தை போய்விடுவார்; அட்சதை போட நீட்டிய அத்தையின் கை மட்டும் அரை நொடி அங்கேயே நிற்கும்.

இதைவிடப் பெரிய அநியாயம் அந்த 1150 கிலோபிட் செய்தது. படத்தில் எதுவும் அசையாவிட்டால் அந்தப் படி தாராளம். எல்லாம் ஒரே சமயத்தில் அசைந்தால் போதாது. கெட்டிமேளம் கொட்டி, நூறு கை எழும்பி, அட்சதையும் பூவும் பறக்கும் அந்த நொடியில் பிட் பற்றாக்குறை வந்து மணமக்கள் கட்டம் கட்டமாகச் சிதறிப்போவார்கள். தாலி எந்தக் கட்டத்தில் என்று தேட வேண்டும். அசையாமல் உட்கார்ந்து மொய் எழுதுகிறவரோ மீசை நரை வரை துல்லியம். சாசனம் எழுதியவர்களுக்கு யார் மாப்பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பின்னால் வந்த டிவிடி கொஞ்சம் தயாளன். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும். ஆயிரத்துக்குப் பதில் 1024-ஆல் வகுக்கும் கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும். (இந்தக் கணக்கால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.) அதில் நொடிக்கான படியை நாமே குறைத்துக்கொள்ளலாம்; ஒருத்தரையும் நீக்காமல் எல்லாரையும் சமமாக மங்கலாக்கலாம். சமூகநீதியை இவ்வளவு மலிவாக யாரும் வழங்கியதில்லை.

விசிடியில் அந்தக் கருணைக்கு இடமில்லை. வெட்டு, இல்லையென்றால் இரண்டாவது வட்டு போடு. சினிமாக்காரர்கள் இடைவேளையில் வட்டை மாற்றச் சொல்லித் தப்பித்தார்கள். ஸ்டூடியோக்காரரும் அப்படியே பண்ணைப்புரத்து இளையராஜா பாட்டு ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். ஆள் யாரையும் வெட்டவில்லை, இனி நிம்மதி என்று நினைத்திருப்பார். மறுநாளே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கையில் வட்டோடு கடை வாசலில் நிற்பார்:

“ஏப்பா தம்பி, பொண்ணு வீட்டாளுக பூராத்தையும் மொத டிஸ்க்குல போட்டுட்டு எங்களை ரெண்டாவதுல தள்ளியிருக்கியே, எங்களுக்கு மட்டும் என்ன ரெண்டாம் பந்தியா?”