மாப்ளைக்கு ஒரு காரு வேணுமாம்

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. பாம்பன்ல ஏறி அரிச்சல்முனை வரைக்கும் கடலைப் பார்த்துக்கிட்டே போக ஏசி காரும், கூடவே வெவரம் சொல்ல ஒரு ஆளும் பேசியிருக்கீகன்னு பாப்பா சொன்னா. ரொம்ப நல்லது. பஸ்ஸுல போனா, பக்கத்து சீட்டுக் கருவாட்டுக்காரம்மா ஓசியிலயே எல்லா வெவரமும் சொல்லிரும். நீங்க மரியாதைப்பட்டவுக, காசு கொடுத்துத்தானே கேக்கணும்!

மொதல்ல பாம்பன் பாலம். 1988-ல ராஜீவ் காந்தி தொறந்து வச்சது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். நடுப்பாலத்துல வண்டிய நிறுத்தினா போலீஸ்காரர் விசில் ஊதுவாரு. நிறுத்துங்க, அவருக்கும் வேலை வேணும்ல. ரயில் பாலத்தைப் பத்தி ஆளு சொல்லுவான். 1914-ல வந்த பழசு, கப்பல் வந்தா ரெண்டு கையையும் விரிச்சு வழிவிட்டது. 2025-ல வந்த புதுசு, நடுத்துண்டை லிஃப்ட்டு மாதிரி அப்படியே மேல தூக்குது. அவன் சொல்லி முடிக்கையில நீங்க மூணாவது செல்ஃபியில இருப்பீக.

தீவுக்குள்ள போனதும் தொட்டித் தண்ணியில மிதக்கிற ராமர் கல்லுகிட்ட கூட்டிக்கிட்டுப் போவான். கும்பிட்டுக்குங்க. உள்ள பூரா ஓட்டை, காத்து நின்னு மிதக்குதுன்னு எவனாவது பள்ளிக்கூடத்துப் பய சொன்னா காதுல வாங்காதீக. ராமருக்குக் காத்தை அடைக்கத் தெரியாதா? அப்புறம் ஒருத்தன் வலம்புரிச் சங்கு நீட்டுவான். லட்சத்துல ஒண்ணுதான் கிடைக்கும்னு சத்தியம் பண்ணுவான். அவன் கூடையில எட்டு கிடக்கும். உங்க ஜாதகம் அப்படி.

முகுந்தராயர் சத்திரம் தாண்டினா 9.5 கிலோமீட்டர், நூல் பிடிச்ச மாதிரி ரோடு. 2017-லதான் தொறந்தாக. அதுக்கு முந்தி மணல்ல வேன்ல போனா இடுப்புல எத்தனை எலும்புன்னு எண்ணிரலாம். இடது பக்கம் பாக் நீரிணை, அது பெண் கடல். வலது பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். பெண் கடல் சாதுன்னு ஆளு சொல்லுவான். வாடைக்காத்து எறங்குற கார்த்திகையில வந்து பார்க்கச் சொல்லுங்க அவனை. கல்யாணம் ஆனவரு நீங்க, உங்களுக்கு நான் வெளக்கணுமா?

பசிச்சா, கமிஷன் கிடைக்கிற ஓட்டலாப் பார்த்து நிறுத்துவான். போகாதீக. தனுஷ்கோடிக் குடிசைக்கடையில மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்துக் கேளுங்க. வெலைய மட்டும் பொரிக்கிறதுக்கு முந்தியே பேசிருங்க. அப்புறம் பேசினா மீனோட நீங்களும் பொரிவீக. அங்கிட்டுப் பொம்பளைக மணலைக் கையால தோண்டி நல்ல தண்ணி எடுப்பாக. ரெண்டு பக்கமும் உப்பு, நடுவுல குடிதண்ணி. இந்த ஊர்ல அதைவிட அதிசயம் எனக்குத் தெரியாது. ஆளு அதைக் காட்ட மாட்டான், அதுல அவனுக்கு என்ன வரும்?

இடிஞ்ச சர்ச்சுகிட்ட வந்ததும் குரலைத் தாழ்த்துவான். 1964, டிசம்பர் 22 ராத்திரி. பாம்பன்லருந்து கிளம்பின 653-ம் நம்பர் பாசஞ்சரு புயல் அலையோட போச்சு. 100 பேருக்கு மேல. அதுவரைக்கும் சரியாத்தான் சொல்லுவான். அப்புறம் ராத்திரியில ரயில் சத்தம் கேக்கும், பேய் நடமாடும்னு இழுப்பான். எனக்கு அப்ப பத்து வயசு மாப்ள. எங்க மாமன் தனுஷ்கோடி ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினாரு. மெட்ராஸ் போட் மெயில்ல வந்து எறங்குறவுக சாமானைத் தலைமன்னார்க் கப்பல்ல ஏத்திவிடுவாரு. வரும்போதெல்லாம் எனக்குக் கொழும்பு பிஸ்கட் கொண்டாருவாரு. பேய் வரும்னா இந்த அறுபது வருசத்துல அவரை ஒரு தடவையாவது பார்த்திருக்க மாட்டேனா?

அந்தச் செவுத்துல சாயாதீக, பவளக்கல்லு. புயலுக்கு நின்னது, இப்ப ஆணியால பேரு கீறுற காதலர்களுக்குத்தான் பயப்படுது.

அரிச்சல்முனையில சிங்கத்தூண் இருக்கு. குளிக்க எறங்காதீக, இழுத்துரும். இலங்கை தெரியுதான்னு கேப்பீக, 'அந்தா'ன்னு கை நீட்டுவான். அது மேகம். தலைமன்னார் 30 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கு. ஆனா உங்க செல்போன் மட்டும் அந்தப் பக்கத்து டவரைப் பிடிச்சு இலங்கைக்குப் போயிரும். பாஸ்போர்ட்டு இல்லாமப் போனதுக்கு அபராதம் மாதிரி பில்லு வரும். அணைச்சு வச்சிருங்க. அணைச்சா, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து கடலையும் பார்க்கலாம். அது பாக்கேஜுல இருக்கான்னு ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

ஆமா, அவனுக்கு எவ்வளவு பேசியிருக்கீக?

அவ்வளவா! வெவரம் பூராவும் நானே சொல்லிட்டேனே மாப்ள, இன்னும் அவன் எதுக்கு? எறக்கி விட்டுருங்க. முன் சீட்டு காலியாகும்ல. எனக்குப் பின்னாடி உக்காந்தா குமட்டும்.