அரை அதிகாரி: பொம்மைப் படைகளில் தலைமைக்கும் சிப்பாய்க்கும் உள்ள விகிதம் பற்றி ஒரு முன்னாய்வு

இப்பொருள் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை வந்ததில்லை. யாருக்கும் தேவைப்படாததால் வரவில்லை என்பாரும் உளர். அதை ஏற்றால் கட்டுரை இந்த வரியிலேயே நின்றுவிடும், ஆகவே ஏற்பதற்கில்லை.

முதற்கண் பொருள் வரையறை. மேசைமேல் வயலும் குன்றும் அமைத்து, 28 மில்லிமீட்டர் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து, அளவு நாடாவால் நடத்திப் பகடையால் கொல்வது மேசைப்போர். வாளை உயர்த்தியவன், கொடி பிடித்தவன், முரசு அடிப்பவன் ஆகிய மூவரும் தலைமை உருவங்கள். துப்பாக்கியோடு நடக்கும் மீதிப்பேர் சிப்பாய்கள். அவர்களுக்கு வேறு இலக்கணம் கிடையாது. எத்தனை சிப்பாய்க்கு எத்தனை தலைமை என்பதே ஆய்வு வினா.

வரலாற்றைப் பார்ப்போம். சதுரங்கத்தில் ஒரு பக்கத்துக்கு 16 காய்கள், காலாள் எட்டே. பாதிப் படை மேலிடம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் 1780இல் ஹெல்விக் என்பவர் இந்தச் சதுரங்கத்தை விரித்துத்தான் போர் விளையாட்டு ஒன்றைச் செய்தார். தலைமை மிகும் நோயின் வித்து அங்கேயே விழுந்தது எனத் துணியலாம். சான்று கைவசம் இல்லாத இடத்தில் துணிவதே ஆய்வு மரபு.

1824இல் ரைஸ்விட்ஸ் பிரஷ்யப் படைக்குக் கொடுத்த விளையாட்டில் வெறும் கட்டைகள். முகமில்லாததால் இங்கே பயன்படா.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் சுருள்வில் பொம்மைப் பீரங்கிதான் தீர்ப்பு சொல்லும். அது துப்பும் மரத்துண்டு பட்டு விழுந்தவன் செத்தான். தோளில் என்ன பட்டை என்று மரத்துண்டு பார்ப்பதில்லை. பிற்காலம் அப்படியில்லை. 1983இல் முதலில் வந்த வார்ஹாமர், பின்வந்த பதிப்புகளில், ஒவ்வொரு காலாட்குழுவுக்கும் தலைவீரன், கொடிக்காரன், இசைக்காரன் என மூவரைச் சேர்க்க இடம் தந்தது. குழுவில் பத்தே பேர் இருந்தாலும் மூவர் மூவர்தான். “மூவரும் இல்லாவிட்டால் குழு பார்க்க நன்றாயிராது” (எதிராளி, வாய்மொழி).

இனி கட்டுரையின் உயிர்நிலை. நெப்போலியன் காலப் போர்களை ஆடுவோர் ஓர் உருவத்தை இருபது பேராகக் கணக்கிடுவது பெருவழக்கு. 1811இல் ஸ்பெயினின் அல்புவேராவில் நின்ற பிரிட்டிஷ் 57ஆம் ரெஜிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். அணியில் 570 பேர், அதிகாரிகள் 30 பேர். இருபதால் வகுத்தால் மேசையில் 30 உருவங்கள். அதில் அதிகாரி ஒன்றரை.

இந்த அரை அதிகாரியை ஆய்வுலகம் கண்டுகொள்ளாமல் விட்டது வியப்பு. அவரை இடுப்புக்கு மேல் கொள்வதா, கீழ் கொள்வதா? மேல் கொண்டால் கட்டளையிடுவார், நகரமாட்டார். கீழ் கொண்டால் நகர்வார், எங்கே என்று சொல்லமாட்டார். “இரண்டும் உண்மையான படைகளில் உண்டு” (மேற்படி எதிராளி, வாய்மொழி, பகடை விழுந்த பின், அவரது முந்தைய கருத்தோடு முரண்படுவது காண்க). ஓர் உருவத்துக்கு 33 பேர் என்பாரும் உளர். அவர்கள் கணக்கில் அதிகாரி 0.9 ஆகிறார், ஒரு காதோ சில விரல்களோ குறைந்தால் போதும், இழப்பு பெரிதில்லை. இதனாலேயே 33 சிறந்தது என்பது ஒரு சாரார் முடிபு (மேற்படியாரின் மைத்துனர், வேடிக்கை பார்த்தவர், தொலைபேசி வழி, தம் பெயரைப் போடவேண்டாம், போட்டால் முன்னால் முனைவர் என்று சேர்க்கவேண்டும் என்றார், ஒப்புநோக்குக: அவர் மனைவி, மறுப்பு).

கொடியின் நிலை இன்னும் மோசம். பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு இரண்டே கொடிகள். மேசையில் கொடிக்காரன் ஒருவனை நிறுத்தினாலே இருபது கொடிகள் ஆகிவிடுகின்றன. நியாயப்படி பத்தில் ஒரு பங்குக் கொடிக்காரன் போதும். அவனுடைய முழங்கை மட்டும். முரசு? கம்பெனிக்கு இருவர் என்ற முறையில் பத்துக் கம்பெனிக்கு ஏறத்தாழ இருபது முரசுக்காரர், மேசையில் ஒருவன். மொத்தப் படையிலும் கணக்கு சரியாய் இருப்பவன் அவன் ஒருவனே. அவனைத்தான் விளையாடுவோர் யாரும் மதிப்பதில்லை.

அடுத்தது தலைமை உருவங்களின் சாகாவரம். இழப்புக்காக மேசையிலிருந்து உருவத்தை எடுக்க வேண்டியபோது எல்லாக் கைகளும் பின்வரிசைச் சிப்பாயைத்தான் தேடுகின்றன. ஆட்ட முடிவில் வாள், கொடி, முரசு மூன்றும் நிற்க, பின்னே யாருமில்லை. உண்மையான 57ஆம் ரெஜிமென்ட் அல்புவேராவில் அணியிலிருந்த 570 பேரில் 422 பேரை இழந்தது; அதிகாரிகளில் 30க்கு 20 பேர் கொல்லப்பட்டோ காயப்பட்டோ விழுந்தார்கள். தளபதி இங்கிலிஸும் குண்டடி பட்டார். தம்மைப் பின்னால் தூக்கிச் செல்வதை மறுத்துவிட்டார். மேசைக் கணக்கில் 21 சிப்பாய் விழும்போது ஓர் அதிகாரியும் விழவேண்டும். எஞ்சுவது மேற்சொன்ன அரை அதிகாரி. எந்த மேசையிலும் இதுவரை அவர் எஞ்சியதாகத் தெரியவில்லை.

தலைவர், முன்னிலை வகிப்பவர், நோக்கவுரை, வாழ்த்துரை, நன்றியுரை எனப் பன்னிருவர் மேடையேற, கட்டுரை வாசிக்கும்போது எதிரே மின்விசிறிகள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் ஆய்வரங்குகள் நமக்குப் பழக்கம். ஆகவே இவ்விகிதத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ் ஆய்வாளரைவிடத் தகுதியுடையார் இல்லை.

மேசையில் தலைமை உருவங்கள் பெருகிச் சாகாமலும் நிற்கக் காரணம் என்ன என்பார்க்கு விடை: வர்ணம். பிளாஸ்டிக் உருவப் பெட்டிகளில் தலைமைக்கெனத் தனி வார்ப்புச் சட்டகம் வரும். அதிகாரியின் சிவப்பு இடைக்கச்சைக்கு மூன்று சாயல் அடித்துப் பொத்தானுக்குப் பொன் தீட்ட ஒரு மாலை போகும். கொடிக்கு இரண்டு மாலை. சிப்பாய்கள் வெறும் சாம்பல் நிறத்தில், துப்பாக்கியின் வார்ப்புத் தழும்பைக்கூடச் சுரண்டாமல், அடுத்த தீபாவளிவரை காத்திருப்பார்கள். அதற்குள் புதுப் பெட்டி வரும்; அதிலும் ஓர் அதிகாரி இருப்பார்.

முடிபு வருமாறு. 30 உருவப் பட்டாலியனுக்கு அதிகாரி ஒருவர், கொடி ஒன்று, முரசு ஒன்று. உருவம் எடுக்கும் முறை வந்தால் ஏழு சிப்பாய்க்குப் பின் எட்டாவதாகத் தலைமையில் ஒருவர் போகட்டும். கடைசியாக ஒரு வேண்டுகோள்: மிச்சமுள்ள 27 பேருக்கும் வர்ணம் அடித்து முடித்த பிறகு அதிகாரியைத் தொடுங்கள்.