214-ஆம் நம்பர் விசிறி

சான் ஹோசே,
27-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் நலம். கோட்டுப் போட்டுக்கொண்டு கையில் விசிறியோடு அவன் நிற்கும் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "ஏன்டா மாப்ள, அமெரிக்காவுலயும் கரண்ட் கட்டா?" என்று கேட்டிருந்தீர்கள். கரண்ட் இருந்தது. பல் கிட்டும் அளவுக்கு ஏ.சி.யும் ஓடியது. அது விசிறி இல்லை மாமா. அந்த அட்டையால் அவனுக்கு ஆன செலவு 1,000 டாலர்.

அவனை எழுதவிட்டால் தன் பக்கமே சாய்த்து எழுதுவான் என்று அவன் வீட்டம்மா சந்தேகப்படுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சரிபார்க்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் 'நான்' கிடையாது. உங்கள் மருமகன் மட்டும்தான் வருவான்.

குடியேறி வந்தவர்களுக்காக வழக்காடும் ஓர் அமைப்பு சான்பிரான்சிஸ்கோவில் பெரிய ஓட்டல் ஒன்றில் விருந்து வைத்தது. ஊருக்கு உழைத்த மூன்று பேருக்கு விருது கொடுப்பார்கள். வந்தவர்களிடம் நிதி திரட்டுவார்கள். இதற்கு இங்கே காலா என்று பெயர். ரஜினி படமா என்று கேட்டு அவன் முதல் அவமானத்தை அங்கேயே சம்பாதித்துக்கொண்டான். மேஜைக்குப் பத்துப் பேர், தலைக்கு 250 டாலர். கூட வேலை பார்க்கும் நண்பன் பிடுங்கியெடுத்ததில் இரண்டு டிக்கெட் வாங்கினான்.

உள்ளே போன ஐந்தாவது நிமிஷத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. மேளம் இல்லை, பந்தல் இல்லை, ஆட்டுக்கறி இல்லை. மற்றபடி இது நம் பேராவூரணிப் பக்கத்து ஆடி மாசத்து மொய் விருந்தேதான்! வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். நம் ஊரில் அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், காதில் பேனாவோடு.

வித்தியாசம் ரசீதில் இருந்தது. 250 டாலருக்கான ரசீதில், "இதில் விருந்தின் மதிப்பு 90 டாலர், நன்கொடை 160 டாலர்" என்று அச்சடித்திருந்தார்கள். காரணம் கேட்டால், அது சட்டமாம். 75 டாலருக்கு மேல் கொடுப்பவனுக்குப் பதிலுக்குச் சாப்பாடோ பொருளோ கொடுத்தால், அதன் நியாயமான சந்தை மதிப்பு என்ன என்று அறக்கட்டளை எழுதிக் கொடுத்தாக வேண்டும். வரிவிலக்கு மிச்சத் தொகைக்குத்தான். சாப்பிட்டது தர்மத்தில் சேராது.

உங்கள் மருமகனுக்கு அன்று இரவெல்லாம் இதே நினைப்பு. உங்கள் மொய் நோட்டில் இந்தச் சட்டம் நுழைந்தால் என்ன ஆகும்? "வடகாடு கருப்பையா, 5,000; கறிக்குழம்பு கழித்து 4,780" என்று எழுதுவீர்களா? நல்லி எலும்பு விழுந்த இலைக்கு ஒரு மதிப்பு, வெறும் சாறு விழுந்த இலைக்கு வேறொரு மதிப்பா? மூன்றாவது பந்தியில் ரசம் மட்டும் மிஞ்சும்போது உட்காருகிறவருக்கு நியாயமான சந்தை மதிப்பு என்ன? சாப்பிடாமலே மொய் எழுதிவிட்டுப் போகும் சர்க்கரை வியாதிக்காரருக்கு முழு விலக்கா? அவனுக்கு வந்த 90 டாலர் தட்டில் உப்பில்லாத கோழித் துண்டு ஒன்றும், குச்சி குச்சியாக நாலு அஸ்பாரகஸும் இருந்தன. இதன் சந்தை மதிப்பைப் பற்றித் தனக்கு மாற்றுக் கருத்து இருப்பதாகவும், அதை 12 டாலர் என்று குறைத்தால் நன்கொடை 238 டாலர் ஆகும் என்றும் வாசல் பெண்ணிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதில் இருக்கிறது.

விசிறிக்கு வருகிறேன்... மன்னிக்கவும், வருகிறான்.

ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார்கள். அவனுக்கு 214. நம் ஊர் ஏலம் கீழே தொடங்கி மேலே போகும் அல்லவா? இங்கே தலைகீழ். "பத்தாயிரம் டாலர் தருகிறவர்கள் அட்டையைத் தூக்குங்கள்" என்று மேடையில் ஒருவர் ஆரம்பித்தார். அப்புறம் ஐயாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு என்று இறங்கிக்கொண்டே வந்தார். நூறு வரும்போது தூக்கலாம் என்று அவனும் வீட்டம்மாவும் கண்ணாலேயே பேசி முடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பரிசாரகர் ஒருவர் இரண்டு மேஜை தள்ளி மிளகாய் சாஸ் பாட்டிலோடு போனார். உப்பில்லாத கோழி என்று சொன்னேனே, அதாவது சொன்னானே. அவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினான். கையில் அட்டை இருந்தது.

"ஆயிரம் டாலர், 214! நன்றி!"

மண்டபமே கைதட்டியது. பக்கத்து மேஜைக் கிழவி எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினாள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, "ஐயா, நான் கேட்டது சாஸ்" என்று சொல்ல எந்த ஊர் ஆம்பளைக்கு நா எழும்? எழுந்து நின்று கும்பிட்டான். நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது. சாஸ் கடைசி வரை வரவில்லை.

மறுநாள் கணக்குப் பார்க்கிற நண்பனிடம் இரண்டு ரசீதையும் நீட்டினான். விருந்து 180 போக நன்கொடை 1,320 டாலர். எவ்வளவு வரி மிச்சம்? நண்பன் கண்ணாடியைக் கழற்றினான். இந்த வருஷம் புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்து 29,200 டாலரை அரசே மொத்தமாகக் கழித்துக்கொடுக்கிறது. தனித்தனியாகக் கணக்குக் காட்டும் கழிவுகள் அதைத் தாண்டினால்தான் ரசீதுக்கு வேலை. வாடகை வீட்டுக்காரனுக்கு அது எங்கே தாண்டப்போகிறது? "பத்திரமா வச்சுக்க, ஞாபகார்த்தமா" என்றான்.

இவ்வளவு புலம்பிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். சாஸுக்குப் பிறகு விருது வாங்க ஓர் அம்மாள் வந்தார். குவாட்டமாலாக்காரர், ஓட்டல்களில் படுக்கை விரிக்கிற வேலை. ஸ்பானியத்தில் பேசினார், எல்லோர் காதிலும் மாட்டியிருந்த கருவியில் அது ஆங்கிலமாக வந்தது. விசாரணைக்குப் போகப் பயப்படுகிறவர்களோடு துணைக்குப் போவதுதான் அவர் செய்கிற சேவை. விடியற்காலை பஸ் ஏறி, கூடவே வரிசையில் நின்று, உள்ளே போனவர் வெளியே வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பாராம். நம் அப்பத்தா ஊரில் யாருக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரித் திண்ணையில் போய் உட்காருமே, அந்த மாதிரி. புடவை மட்டும்தான் இல்லை.

பணம் எதற்கு என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த நாட்டில் திருடிப் பிடிபட்ட ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தரும். நாடு கடத்தும் வழக்கு குற்ற வழக்கு அல்ல, சிவில் வழக்கு. அதில் அரசு வக்கீல் தருவதில்லை. பத்து வயதுப் பிள்ளையானாலும் வக்கீலைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் அரசுக்கு மட்டும் வக்கீல் உண்டு. குடியேற்ற நீதிமன்றங்களில் இப்போது தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 35 லட்சத்துக்கு மேல்.

கடைசியாகப் பேசிய வயசான வக்கீல் ஒரு பழைய கதை சொன்னார். 1892-இல் சீனத் தொழிலாளர்கள் எல்லோரும் குடியிருப்புச் சீட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடு கடத்துவோம் என்று இங்கே ஒரு சட்டம் வந்தது. சான்பிரான்சிஸ்கோச் சீனர் சங்கம் சீட்டு வாங்காதே என்றது. வழக்காடத் தலைக்கு ஒரு டாலர் கேட்டது. சலவைக்காரரும் சமையல்காரரும் கொடுத்த காசு. மறு வருஷம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் விடவில்லை. இதே ஊரில் பிறந்த வாங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் சீனாவுக்குப் போய் 1895-இல் திரும்பியபோது, நீ அமெரிக்கன் இல்லை என்று மாசக்கணக்கில் கப்பலிலேயே நிறுத்தி வைத்தார்கள். அவருக்கும் அதே சங்கம் வக்கீல் வைத்தது. இங்கே பிறந்தவர் இந்நாட்டுக் குடிமகன்தான் என்று 1898-இல் தீர்ப்பு வந்தது.

உங்கள் பேத்தியின் நீலப் பாஸ்போர்ட்டுக்கு அந்தத் தீர்ப்புதான் துணை நிற்கிறது. அவள் பிறந்தபோது அவள் அப்பன் எச்1பி விசாவில் இருந்தான். இப்போதும் அதில்தான் இருக்கிறான். வேலை வழியாக வரும் கிரீன் கார்டில் எந்த நாட்டுக்காரருக்கும் வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். இந்தியர் வரிசையில் இந்த மாசம் 2012-இல் மனுப் போட்டவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மருமகன் போட்டது 2016-இல். இன்னும் ஒன்பது நாளில் இங்கே தேர்தல். வரி கட்டுகிற அவனுக்கு ஓட்டு இல்லை, எட்டு வயசு மகளுக்கு இன்னும் பத்து வருஷத்தில் வந்துவிடும்.

அப்பத்தா காரியத்துக்கு அவன் வராததைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். வந்தால் விசா ஸ்டாம்பிங்குக்குத் தேதி கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துதான் வரவில்லை. அன்று மேடையில் அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிச் சொன்னபோது, மிளகாய் சாஸ் இல்லாமலே அவன் கண்ணில் தண்ணீர் வந்தது என்று வீட்டம்மா இங்கே எழுதச் சொல்கிறாள்.

வரும் ஆடி விருந்துக்கும் அவன் வருவது சந்தேகம்தான். 25,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறான். கறிக்குழம்புக்கு எதுவும் கழிக்காமல் முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். மைக்கில் பெயர் வாசிக்கும்போது 'அமெரிக்கா' என்று சேர்க்க வேண்டாம். அப்பத்தா பேரன், பேராவூரணி என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
(சரிபார்க்கப்பட்டது: வீட்டம்மா)