ஊசிகொள்வோர் இலக்கணம்

தடுப்பூசிக்கு மனிதர் தயங்குவது மூன்றே காரணத்தால் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014-இல் வகுத்தது: நம்பிக்கைக் குறைவு, மெத்தனம், வசதிக் குறைவு. குழுவில் ஒருவரும் மயிலாப்பூர் மாடவீதியைச் சுற்றி வந்தவரல்லர் என்பது இதிலிருந்தே விளங்கும். 2021-இல் கொரோனா ஊசி மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய முந்நிலத்தில் இறங்கியபோது கண்ட வகைகளை ஈண்டுத் தொகுத்துரைப்பாம்.

முதற்கண் பொதுவிதி. இந்நிலத்தில் ஊசி வேண்டாம் என்பார் மிகச் சிலர். ஏனையோர் 'பார்க்கலாம்' என்பார். ஆகவே இந்நூல் மறுப்பை அன்று, தள்ளிப்போடுதலையே வகைப்படுத்துகிறது என்க.

முதல் வகை, கேட்டுச் செய்வோர். மார்ச் 1 அன்று அறுபது கடந்தவர்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டதும் தோன்றிய இனம். "இவர் கார்த்தால ஈகோஸ்பிரின் சாப்பிடறார். ரத்தம் நீர்க்கற மாத்திரைன்னா அது? டாக்டரைக் கேட்டுண்டு சொல்றேன்" என்பது இவ்வினத்தின் கூவல். டாக்டர் போடச் சொல்லிவிடுவார். அத்துடன் முடிந்ததென்று கருதற்க. நியூஜெர்சியில் இருக்கும் மருமகனைக் கேட்க வேண்டும். மருமகன் சாஃப்ட்வேர்க்காரர். அவரும் போடச் சொன்னபின் எந்த ஊசி என்ற வினா எழும். எழுந்தவுடன் முதல் வகை இரண்டாம் வகையாகத் திரியும்.

இரண்டாம் வகை, பாஸ்போர்ட்டினர். அடையாற்றில் மிகுதி. கோவிஷீல்டுக்கு உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலேயே தலையசைத்துவிட்டது. கோவாக்ஸினுக்கு நவம்பர் 3 ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில், "செத்த வைரஸ், பழைய முறை, பயமில்லை" என்று கோவாக்ஸினைப் புகழ்ந்துவிட்டுத் தமக்குக் கோவிஷீல்டைக் கேட்டவர் பலர். காரணம், வெளிநாட்டில் மகளின் பிரசவம். இவர்களுக்கு மே 13-இல் இடி விழுந்தது: இரண்டு டோஸுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் என்றாக்கிவிட்டார்கள். வெளிநாடு செல்வோர் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஜூனில் விதிவிலக்கு வந்தது. அதில் படிப்பு இருந்தது, வேலை இருந்தது, டோக்கியோ ஒலிம்பிக் இருந்தது. பேரன் பிறப்பது இல்லை. ஓட்டப்பந்தயத்துக்கு உள்ள மதிப்பு பத்தியக் குழம்புக்கு இல்லையா என்று கேட்ட மாமிக்கு இன்றுவரை விடையில்லை.

தியாகராய நகர் ஜவுளிக்கடைப் பணியாளர் எவ்வகையிலும் அடங்கார். முதலாளி போகச் சொன்னார், போனார்கள்.

மூன்றாம் வகை, அஞ்சினோர். இவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மற்றவர்களும் முன்வர வேண்டும் என்பதற்காகவே ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காமிராக்கள் முன் கோவாக்ஸின் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலையில் மறைந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதும் அடைபட்டிருந்தது, ஊசி காரணமல்ல என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய ஆய்வுக் குழுவும் அக்டோபரில் அதையே சொன்னது. ஆனால் ஊர் கேட்டது ஒன்றே: "நேத்துப் போட்டுக்கிட்டாரு, இன்னிக்குப் பாத்தியா?" இந்த ஒரு வரியைத் தோற்கடிக்கும் அறிக்கை எந்த அலுவலகத்திலும் அச்சாகவில்லை. தோற்கடித்தது மே மாதம்தான். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் வரிசை வெயிலில் நீண்டதைப் பார்த்தவர்கள் ஊசி வரிசையைத் தேடிப் போனார்கள். இம்முறை ஊசி இல்லை.

நான்காவது, ஞாயிற்றினர். ஊசி போட்டால் கறியும் குடியும் ஆகாது என்ற கொள்கையினர். எவர் சொன்னது என்றறியார். செப்டம்பர் 12 முதல் மெகா முகாம்கள் ஞாயிறுதோறும் நடந்தன. அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் இவ்வினத்தை நன்குணர்ந்தவராதலின், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். பொது சுகாதார வரலாற்றில் ஆட்டுக்கறிக்கு அரசு வழிவிட்ட இடம் இது. அறிவுரைக்குச் செலவிட்ட காகிதத்தைவிட இது பயன்பட்டிருக்கும் என்பது என் துணிபு.

இவையெல்லாம் புதியன என்று எண்ணற்க. இருநூறு ஆண்டுக்கு முன் அம்மை குத்திக்கொள்ளவும் இதே ஊர் தயங்கியது. அப்போது சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ், அம்மைப்பால் பசு தந்த வரம் என்று தன்வந்திரியின் பெயரால் தமிழில் ஓர் உரையாடலே எழுதிவிட்டார். ரிஷி வாக்கு என்று சொல்லி வாட்ஸப்பில் அனுப்புவோர்க்கு இவரே ஆதிகுரு. வித்தியாசம், துரை அனுப்பியது ஊசிக்கு ஆதரவாக.

இனிப் புறனடை. மேற்கூறிய எவ்வகையிலும் சேராதவன் பத்தாமவன். கோவிஷீல்டுக் குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே எங்கள் தெருவில் ஒரு குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் முகாம் போட்ட நர்ஸம்மா, ஒன்பது பேரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் குப்பியைத் திறக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை பார்க்கலாம், பார்க்கலாம் என்றிருந்த ஒன்பது பேரும் அப்போது ஒரே மனதாக ஊசிப் பிரசாரகர் ஆனதைக் கண்டேன். எதிரே வேப்பமரத்தடி இஸ்திரிக்காரரை நோக்கி நான்கு கைகள் ஆடின.

"ஆதார் இருக்காண்ணே?"

"வண்டியில இருக்குக்கா. பொட்டியில கரி போட்டு வச்சிருக்கேன், சட்டுனு முடிஞ்சிடுமா?"

"ஊசி ஒரு நிமிஷம். அப்புறம் அரை மணி நேரம் உக்காரணும்."

"அப்ப யாராச்சும் பொட்டியப் பாத்துக்குங்க" என்றபடி சட்டைக் கையைச் சுருட்டினார். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர் எழுந்து போய் இஸ்திரி வண்டியருகே நின்றார்.